மதலேனின் மூக்கும் பன்னிரண்டு யூரோ பாட்டில்களும்

செப்டம்பர் 7, சனி

இன்று காலை பால் தீய்ந்தது. நான் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். நெடி அங்கேயே வந்துவிட்டது. உள்ளே ஓடி வந்து பார்த்தால், மதலேன் அடுப்புக்குப் பக்கத்திலேயே மேசையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். முதுகு அடுப்பின் பக்கம். நான் அடுப்பை அணைத்த சத்தம் கேட்டுத்தான் திரும்பினாள். பாத்திரத்தின் அடி கரியாகியிருந்தது.

பாத்திரத்தை நானே தேய்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டாள். வெகு நேரம் தேய்த்தாள்.

இங்கே பொர்தோ என்ற பிரெஞ்சு நகரத்தில் எங்கள் மகள் எலன் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. போன பிப்ரவரியில் புதுச்சேரியில் மதலேனுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. நான்கு நாளில் போய்விட்டது. போகும்போது அவள் மோப்பத்தையும் கொண்டு போய்விட்டது. எலன் இங்கே மருத்துவமனையில் நர்ஸ். "இங்க நல்ல டாக்டர் இருக்காங்க, வந்துடுங்க பப்பா" என்றாள். வந்தோம்.

மதலேனைத் தெரியாதவர்களுக்கு இது சின்ன விஷயமாகப் படலாம். அவள் புதுச்சேரியில் ஒரு பெரிய ஓட்டலில் இருபத்தைந்து ஆண்டு ஸ்டோர்ஸ் பொறுப்பில் இருந்தவள். மீன், வெண்ணெய், காப்பிக்கொட்டை, பிரெஞ்சு ஒயின் எல்லாம் அவள் மோந்து பார்த்து தலையசைத்த பிறகுதான் உள்ளே போகும். தெருமுனையில் வரும்போதே எந்த வீட்டில் என்ன குழம்பு என்று சொல்வாள். ஓவிய ஆசிரியர் ஒருவருக்கு திடீரென்று எல்லாம் சாம்பல் நிறமாகத் தெரிய ஆரம்பித்தால் எப்படியோ, அப்படி.

செப்டம்பர் 9, திங்கள்

டாக்டரம்மாவைப் பார்த்தோம். நிதானமாகப் பேசினார். நான்கு சின்ன ஜாடிகள் கொடுத்தார்: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் மோந்து பார்த்து, அதன் வாசனையை மனதில் நினைவுபடுத்த வேண்டுமாம். எது முதலில் திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார். திரும்பும்போது கோணலாகவும் திரும்பலாமாம். ரோஜா ரப்பர் எரிகிற மாதிரி இருக்கலாம், பயப்படக் கூடாது. ஓராண்டு தாண்டினால் நம்பிக்கை குறையும் என்பதையும் சொன்னார்.

எடை பார்த்தார்கள். மறுபடியும் குறைந்திருக்கிறது.

டிராமில் மதலேன் ஜாடிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, "பாலர் பள்ளில சேத்துவிட்டுட்டாங்க என்னை" என்றாள்.

செப்டம்பர் 14, சனி

ஜாடிப் பயிற்சி ஐந்து நாள் நடந்தது. நேற்றோடு நின்றுவிட்டது. நான் எதையும் வற்புறுத்துகிறவன் அல்ல. முப்பத்தாறு ஆண்டு பூகோளம் நடத்தியிருக்கிறேன். படிக்க விரும்பாத பிள்ளையிடம் புத்தகத்தைத் திணித்தால் அது ஜன்னலைப் பார்க்கும். அந்த ஜன்னலில் என்ன தெரிகிறது என்று பார்த்து, அங்கிருந்து பாடத்தை ஆரம்பிக்க வேண்டும்.

இன்று ஜன்னல் தபாலில் வந்தது. இந்த ஊரில் செப்டம்பரில் சூப்பர் மார்க்கெட்டுகளில் ஒயின் சந்தை நடக்கும். அதற்கான விளம்பரப் புத்தகத்தை வீடு வீடாகப் போட்டுவிட்டுப் போகிறார்கள். நான் குப்பையில் போட எடுத்தேன்.

"குடுங்க இப்படி" என்றாள் மதலேன்.

பேனாவை எடுத்துக்கொண்டாள். பக்கம் பக்கமாக அடித்துக்கொண்டே போனாள். "இது வெறும் பேரு." "இவன் போன தடவையும் ஏமாத்தினான்." "இந்த வெலைக்கு இதா?" ஒரு மணி நேரம் போயிருக்கும். தேநீர் ஆறிப்போனது தெரியாமல் அடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை மாதத்தில் அவள் முகத்தில் கோபத்தைப் பார்த்தது இதுதான் முதல் தடவை. எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

"ஒரு பாட்டில் வாங்கி வரட்டுமா?" என்றேன்.

"யாரு குடிக்கிறது? எனக்குத் தண்ணி மாதிரிதான் இருக்கும். நீங்களோ பூசையில குடுக்கிற ரசத்தையே யோசிச்சுக் குடிக்கிற ஆளு."

உண்மைதான். அறுபத்தெட்டு வயது வரை மாதா கோயில் பூசையில் தவிர வேறெங்கும் நான் ஒயினைத் தொட்டதில்லை. வாத்தியார் மதுக்கடையில் நிற்பதைப் பிள்ளைகள் பார்த்துவிடக் கூடாது என்று ஆரம்பித்த பழக்கம்.

"நீ சொல்லிக் குடு. நான் மோந்து பாத்துச் சொல்றேன். நீ ஞாபகப்படுத்திக்க" என்றேன். ஜாடிப் பயிற்சியும் இதுவும் ஒன்றுதான் என்பதைச் சொல்லவில்லை.

செப்டம்பர் 21, சனி

முதல் பாட்டில். தோல்வி.

மதலேனின் கட்டளை: பன்னிரண்டு யூரோவுக்கு மேல் போகக் கூடாது. சந்தைக்குப் போனேன். பெரிய மாளிகைப் படமும் ‘ஷத்தோ’ என்ற பெயரும் போட்ட லேபிள், தங்க மெடல் ஒட்டியது, தூக்கினால் கனம். பதினோரு யூரோதான். தேர்ந்த ஆள் போல வாங்கிக்கொண்டு வந்தேன்.

அவள் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மாளிகை நல்லா இருக்கு. வாடகைக்கு வருமா?"

"ஷத்தோன்னா கோட்டைதானே?"

"இந்த ஊர்ல மாட்டுக்கொட்டகை பக்கத்துல திராட்சைத் தோட்டம் இருந்தாலும் அது ஷத்தோதான். பேரை வெக்க யாரையும் கேக்க வேணாம். மெடல் குடுக்க ஊருக்கு ஒரு போட்டி இருக்கு. பாட்டில் கனமா இருந்தா கண்ணாடிக்குக் காசு குடுத்திருக்கீங்க."

எலன் ஒரு வாய் குடித்துவிட்டு, "பப்பா, ஜாம் மாதிரி இருக்கு" என்றாள். மிச்சத்தைக் கோழியில் ஊற்றிச் சமைத்தோம்.

செப்டம்பர் 28, சனி

நாலாவது டிராம் நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு சின்ன ஒயின் கடை இருப்பதை எலன் சொன்னாள். கடைக்காரர் பெயர் தார்த்திக். ஐம்பது வயது, மீசை, நிறையப் பேசுகிற ஆள். என் பிரெஞ்சு பள்ளிக்கூடப் பிரெஞ்சு. வாக்கியம் முடியும்வரை பொறுமையாகக் காத்திருந்தார்.

மதலேன் சொல்லி அனுப்பியதை அப்படியே ஒப்பித்தேன்: "பேர் பெற்ற ஊர் வேண்டாம். அதற்கு அடுத்த ஊர் வேண்டும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இதை உங்களுக்கு யார் சொன்னது?"

"என் மனைவி."

"அவர்களை ஏன் அழைத்து வரவில்லை?"

வீட்டில் வேலை இருக்கிறது என்றேன்.

அவர் கொடுத்தது கஸ்தியோன் என்ற இடத்து ஒயின். ஒன்பது யூரோ. வீட்டுக்கு வந்து வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு மதலேனின் கணக்கு புரிந்தது. தொர்தோஞ் ஆற்றின் வடகரையில் செந்த் எமிலியோன் என்று உலகப் புகழ் பெற்ற ஊர். அதன் கிழக்கு எல்லையைத் தாண்டினால் கஸ்தியோன். அதே சுண்ணாம்புப் பாறை மேடு, அதே களிமண், அதே மெர்லோ திராட்சை. நடுவில் இருப்பது காகிதத்தில் போட்ட கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் விலை பாதிக்கும் கீழே.

எனக்கு 10-பி வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இரண்டு பையன்கள் ஞாபகம் வந்தார்கள். ஒருவன் டாக்டர் வீட்டுப் பிள்ளை. இன்னொருவன் அப்பா லாரி ஓட்டுகிறவர். விடைத்தாளில் பெயரை மறைத்துவிட்டால் யார் யாரென்று என்னால் சொல்ல முடியாது. பெயரைப் பார்த்தால் மட்டும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இதை மதலேனிடம் சொன்னேன்.

"அதேதான். நான் ஓட்டலுக்கு லாரிக்காரர் பிள்ளையைத்தான் வாங்குவேன்" என்றாள்.

எனக்குக் கால் கிளாஸ் ஊற்றினாள். "மோந்து பாருங்க. என்ன வாசனை?"

"திராட்சை."

"அது எனக்கு மூக்கில்லாமலே தெரியும். வேற?"

வேறு எதுவும் தெரியவில்லை. ஒப்புக்கொண்டேன்.

"அடுத்த வாரம் பாக்கலாம்" என்றாள். அடுத்த வாரம் என்ற சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டு எவ்வளவோ நாளாயிற்று.

அக்டோபர் 5, சனி

மழை. காய்ச்சல் மாத்திரை வாங்கினேன், எனக்குத்தான். ஒயின் கடைக்குப் போகவில்லை. மூக்கடைப்போடு போய் என்ன பயன்? மதலேன் சிரித்தாள். "இப்ப வீட்டுல ஒரு மூக்குகூட இல்ல" என்றாள்.

அக்டோபர் 12, சனி

லிஸ்த்ராக் என்ற ஊரின் பாட்டில். இது தொர்தோஞ் போய்ச் சேரும் கழிமுகத்தின் மேற்குக்கரை, கடலை நோக்கிப் போகும் நிலம். கூழாங்கல் நிறைந்த பக்கத்தில் கபர்னே என்ற வேறு திராட்சை. பெரிய பெயர்கள் எல்லாம் ஆற்றோரம் வரிசையாக இருக்கின்றன. இந்த ஊர் கொஞ்சம் உள்ளே தள்ளி இருப்பதால் விலை குறைவு.

கிளாஸைச் சுற்றி, கண்ணை மூடி மோந்தேன். இரண்டாம் தடவை என்னவோ வந்தது. நான் நன்றாக அறிந்த ஏதோ ஒன்று. ஆனால் அது ஒயினில் எப்படி இருக்கும் என்று வெட்கமாக இருந்தது.

"சும்மா சொல்லுங்க" என்றாள்.

"பென்சில் சீவுன வாசனை. ஜூன் மாசம் முதல் நாள், நாப்பது பிள்ளைங்க ஒண்ணா புது பென்சில் சீவுவாங்கல்ல, அந்த வாசனை."

மதலேன் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "அது கபர்னேதான். புத்தகத்துலகூட அப்படித்தான் போட்டிருக்கும்" என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "இன்னும் சொல்லுங்க. பென்சிலுக்குப் பின்னாடி?"

"சாக்பீஸ் டப்பா. கொஞ்சம் நாவல்பழம். அப்புறம் காய்ஞ்ச புகையிலை மாதிரி."

அவள் தன் கிளாஸை மூக்கருகே வைத்துக்கொண்டு நான் சொல்லச் சொல்லக் கேட்டாள். கதை கேட்கிற பிள்ளை மாதிரி. கண் மூடியே இருந்தது.

அக்டோபர் 13, ஞாயிறு

விசேஷம் எதுவும் இல்லை. மதலேன் மூன்று தோசை சாப்பிட்டாள்.

அக்டோபர் 26, சனி

இன்று பாடம் ஆண்டுகளைப் பற்றி. பத்திரிகைக்காரர்கள் கொண்டாடிய ஆண்டென்றால் சின்னத் தோட்டக்காரன்கூட விலையை ஏற்றிவிடுவான். அதற்கு முன்னாலோ பின்னாலோ யாரும் பேசாத ஆண்டு ஒன்று இருக்கும். அந்த ஆண்டில், கவனமாக வேலை செய்கிறவனுடைய ஒயினை வாங்க வேண்டும். சீக்கிரம் பக்குவமாகியும் இருக்கும். இதற்கு எனக்கு உதாரணமே தேவைப்படவில்லை. மாநில முதல் மாணவன் வந்த ஆண்டைத்தான் பள்ளிக்கூடம் பலகையில் எழுதி வைக்கும். அதற்கு அடுத்த ஆண்டு வகுப்பு முழுக்கத் தேறியிருக்கும். யாருக்கும் ஞாபகம் இருக்காது.

பெரிய தோட்டங்களின் இரண்டாம் ஒயினைப் பற்றி மதலேனிடம் கேட்டேன். கடையில் தார்த்திக் காட்டியிருந்தார். முதல் தரத்துக்குச் சேராத இளங்கொடிகளின் பழத்தில் செய்து வேறு பெயரில் விற்பதாம்.

"ஒரு காலத்துல அது நல்ல வழி. இப்ப அண்ணன் பேரைச் சொல்லித் தம்பியும் வெலை பேசறான்" என்றாள் மதலேன்.

பேச்சு ஓட்டல் நாட்களுக்குப் போனது. ஒரு தடவை வியாபாரி ஒருவர் அனுப்பிய பெட்டியில் ஒரு பாட்டிலின் கார்க் கெட்டிருந்தது. கார்க்கிலேயே சில சமயம் ஒரு கெட்ட நாற்றம் பிடித்து, ஒயின் முழுக்க இறங்கிவிடுமாம். பார்த்தால் தெரியாது. இத்தனை பாட்டிலுக்கு ஒன்று அப்படி வருவது சகஜம். வியாபாரி ஒப்புக்கொள்ளவில்லை. மதலேன் அவரை வரவழைத்து, முதலாளி முன்னால் மோந்து பார்க்க வைத்தாளாம்.

"மூஞ்சிய ஒரு சுளி சுளிச்சான் பாருங்க. பேசாம வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிட்டான்."

"அது என்ன மாதிரி நாத்தம்?"

யோசித்தாள். சொல்ல வரவில்லை. "வந்தா தெரியும்" என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்து, "உங்களுக்குத் தெரியும்" என்று திருத்தினாள்.

நவம்பர் 9, சனி

இன்றைய தேதிக்கு அடிக்கோடு போட்டுவிட்டேன்.

மறுபடி ஒரு கஸ்தியோன், வேறு தோட்டம். நாவல்பழமும் மழை விட்ட செம்மண்ணும் என்றேன். மதலேன் தன் கிளாஸை மோந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "லேசா தெரியுது" என்றாள்.

"என்ன தெரியுது?"

"நாவல்பழம். லேசா. தூரத்துல யாரோ கூப்பிடற மாதிரி."

என்னால் உட்கார முடியவில்லை. பால்கனிக்குப் போய்விட்டு வந்தேன். எலனுக்குப் போன் செய்தேன். அவள் வேலையில் இருந்தாள், அழுதுவிட்டாள்.

நவம்பர் 16, சனி

கிராம்பும் புகையும் என்றேன். "ஆமா, கிராம்பு தெரியுது" என்றாள்.

நவம்பர் 20, புதன்

ஃப்ரிட்ஜில் இருந்த மீன் கெட்டுப்போயிருந்தது. திங்கள்கிழமை வாங்கியது. சமையலறைக் கதவைத் திறந்ததும் எனக்குத் தெரிந்தது. மதலேன் அதை எடுத்து மஞ்சள் தடவ ஆரம்பித்திருந்தாள்.

கழுவித் தருகிறேன் என்று வாங்கினேன். கைதவறிக் குப்பைக் கூடையில் விழுந்துவிட்டது என்று சொன்னேன்.

"வயசாயிடுச்சு உங்களுக்கு" என்றாள்.

நவம்பர் 22, வெள்ளி

எலனோடு துணி துவைக்கும் கடைக்குப் போனேன். இயந்திரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்: "பப்பா, ஒண்ணு சொன்னா கஷ்டப்படக் கூடாது. அம்மாவுக்கு ஒண்ணும் தெரியலன்னு நெனைக்கிறேன். நீங்க என்ன சொல்றீங்களோ அதையேதான் அவங்க சொல்றாங்க. கவனிச்சீங்களா?"

"அப்படி எல்லாம் இல்லம்மா" என்றேன்.

"உங்களுக்காகச் சொல்றாங்க பப்பா. ஒவ்வொரு சனியும் அவ்ளோ ஆசையா பையத் தூக்கிக்கிட்டுப் போறீங்கல்ல."

டிரம் நின்றது. துணியை எடுத்து மடித்தோம். என் சட்டைகள் நன்றாக வெளுத்திருந்தன.

நவம்பர் 30, சனி

இனிமேல் நான் முதலில் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். சோதனை எதுவும் இல்லை. பிள்ளைக்கு யோசிக்க நேரம் கொடுக்காமல் விடையைச் சொல்லிவிடுவது நல்ல ஆசிரியருக்கு அழகல்ல, அவ்வளவுதான்.

வருகிற சனிக்கிழமை எங்கள் கல்யாண நாள். நாற்பது ஆண்டு. தார்த்திக்கிடம் சொன்னேன். கடையின் பின்பக்கம் போய் ஒரு பாட்டிலைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஃப்ரோன்சாக் என்ற ஊர். ஆற்றங்கரைக் குன்று, ஒரு காலத்தில் செந்த் எமிலியோனைவிட அதற்குத்தான் மதிப்பாம், பிறகு உலகம் மறந்துவிட்டது. 2008-ஆம் ஆண்டு, யாரும் பேசாத ஆண்டு. தோட்டக்காரர் வீட்டு நிலவறையிலேயே பதினாறு ஆண்டு அசையாமல் இருந்தது.

"உங்கள் மனைவி சொன்ன விதிகள் அத்தனையும் இதில் இருக்கின்றன" என்றார்.

பதினான்கு யூரோ. ஒரு விதி மீறல். அதை மதலேனிடம் சொல்லப்போவதில்லை.

டிசம்பர் 7, சனி

காலையில் பூசைக்குப் போனோம். மதலேன் ஆட்டுக்கறிக் குருமா வைத்தாள். மசாலாவை என்னை மோந்து பார்க்கச் சொல்லிச் சொல்லி அளவு போட்டாள். எலன் பன்னிரண்டு மணிக்கே சாப்பிட்டுவிட்டு வேலைக்கு ஓடினாள். "எனக்கு ஒரு வாய் ஒயின் மிச்சம் வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாங்கள் இருவரும் மேசையில். நல்ல துணி விரித்திருந்தாள். கார்க்கை நானே எடுத்தேன், உடையாமல்.

மோந்தேன்.

நாவல்பழம் இல்லை. பென்சில் இல்லை. எதுவுமே இல்லை, ஒன்றைத் தவிர. ஏதோ ஈரமான, மூடி வைத்த, பழைய ஒன்று. எனக்குத் தெரிந்த எதனோடும் அதை ஒப்பிட முடியவில்லை. ஆனால் நல்லதல்ல என்பது தெரிந்தது. மதலேன் ஓட்டலில் வியாபாரியின் முகத்தைச் சுளிக்க வைத்த கதை உடனே ஞாபகம் வந்தது.

முடிவு செய்தபடி வாயைத் திறக்கவில்லை. அவள் கிளாஸை எடுத்தாள். மோந்தாள். மறுபடி மோந்தாள். இந்தத் தடவை நெடுநேரம். பிறகு கிளாஸுக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"எப்படி இருக்கு?" என்று என்னைக் கேட்டாள்.

கல்யாண நாள். நல்ல துணி விரித்த மேசை. பாட்டில் கெட்டது என்று சொன்னால், "அப்படியா, எனக்குத் தெரியலையே" என்று அவள் சொல்ல வேண்டி வரும். அதை இன்றைக்கு அவள் வாயிலிருந்து கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

"நல்லா இருக்கு" என்றேன்.

அவள் ஒரு வாய் குடித்தாள். "ஆமா" என்றாள். "நல்லா இருக்கு."

ஓட்டலில் ஒரு பாட்டிலுக்காக ஒரு வியாபாரியை ஊரைத் தாண்டி வரவழைத்தவள்.

நானும் குடித்தேன். எலன் சொன்னது சரிதான். பிப்ரவரி வந்தால் ஓராண்டு.

குருமா நன்றாக இருந்தது. அதையும் சொன்னேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

இதை நிதானமாக எழுத வேண்டும்.

காலையில் எழுந்து வந்தபோது மதலேன் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் டாக்டரம்மா கொடுத்த நான்கு ஜாடிகளும் திறந்து கிடந்தன. பக்கத்தில் நேற்றைய பாட்டில். தூங்கினவள் முகம் இல்லை அது.

"உக்காருங்க" என்றாள். "ஒண்ணு கேக்கறேன், நெஜம் சொல்லணும். நேத்து அந்த பாட்டில் நல்லா இருந்துச்சா?"

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"மழைக்காலத்துல நம்ம வீட்டு வாசல்ல கால் தொடைக்கக் கோணி போட்டிருப்போம்ல? ஊறி ஊறிக் காயாம கெடக்கும். அதைத் தூக்கி ஒரு மூலைல போட்டா நாலு நாள் கழிச்சு ஒரு நாத்தம் வரும். அதே நாத்தம்."

நான் பாட்டிலை எடுத்து மோந்தேன். ஈரக் கோணி. அச்சுப் பிசகாமல் அதுதான். நேற்று மதியம் முழுக்க நான் தேடிக் கிடைக்காத உதாரணம்.

"நேத்தே தெரிஞ்சுதா உனக்கு?"

"மொதல் மோப்பத்துலயே. ஆனா எது கெட்டது, பாட்டிலா, என் மூக்கா? திரும்பி வர்றப்ப கோணலா வரும்னு டாக்டர் சொன்னாங்கல்ல. அதான் உங்களைக் கேட்டேன். நீங்க நல்லா இருக்குன்னுட்டீங்க. சரி, போச்சு, நல்ல ஒயினே எனக்கு இனிமே இப்படித்தான் நாறப்போகுதுன்னு நெனைச்சுக்கிட்டுக் குடிச்சேன். ராத்திரி பூரா அதே யோசனை."

"அப்புறம்?"

"விடிஞ்சதும் எழுந்து வந்து இதுங்களை மோந்தேன்." ஜாடிகளைக் காட்டினாள். "ரோஜா ஒண்ணும் தெரியல. எலுமிச்சம்பழம் கொஞ்சம். கிராம்பு கிராம்பாவே இருக்கு. கோணல் இல்ல. அப்ப பாட்டில்தான் கெட்டது." நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்க ஏன் பொய் சொன்னீங்க?"

"நீ ஏன் நாவல்பழம் தெரியுதுன்னு சொன்ன?"

அவள் ஜாடி ஒன்றை எடுத்து மூடினாள். "அது பொய்" என்றாள். "ஒவ்வொரு சனிக்கிழமையும் மழைல நனைஞ்சு வாங்கிக்கிட்டு வர்றீங்க. ஒண்ணும் தெரியலன்னு எத்தனை தடவை சொல்றது? விக்கிறவன்கிட்ட மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லலாம். கொண்டு வந்து குடுக்கிறவர்கிட்ட எப்படிச் சொல்றது? நாப்பது வருஷத்துல என் சமையல்ல உப்பு கூடினா நீங்க ஒரு நாள் சொல்லியிருக்கீங்களா? ரெண்டு தடவை மோர் கேப்பீங்க. அதை வெச்சு நானே தெரிஞ்சுக்கணும்."

இது அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

எலன் எழுந்து வந்தாள். எங்கள் இருவரையும், பாட்டிலையும், திறந்த ஜாடிகளையும் பார்த்து, "காலைலயே குடிக்க ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றாள். மதலேன் பாட்டிலை அவளிடம் நீட்டினாள். எலன் மோந்துவிட்டு, "சீ" என்று தள்ளி வைத்தாள்.

அந்த "சீ"யைக் கேட்டுத்தான் மதலேன் அழுதாள்.

டிசம்பர் 10, செவ்வாய்

பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும் என்றாள் மதலேன். "கெட்டதைத் திருப்பிக் குடுக்கறது மரியாதைக் குறைவு இல்ல. இல்லன்னா அடுத்தவனுக்கும் அதையேதான் விப்பான்." கூடவே வந்தாள். டிராமில் கார்க் செருகிய முக்கால் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு கிழங்கள். எதிரில் இருந்த பெண் தன் குழந்தையைக் கொஞ்சம் தள்ளி உட்கார வைத்தாள்.

தார்த்திக் மோந்தார். உடனே முகம் மாறியது. "மன்னிக்க வேண்டும் மதாம். இதை யார் கண்டுபிடித்தது?"

"நான்தான்" என்றாள் மதலேன், பிரெஞ்சில், எந்த அவசரமும் இல்லாமல்.

இன்னொரு பாட்டில் கொடுத்தார். பதினான்கு யூரோ விலைச் சீட்டு கழுத்தில் தொங்கியது. மதலேன் அதைப் படித்தாள். என்னைப் பார்த்தாள். கடையில் எதுவும் சொல்லவில்லை. டிராமில் சொன்னாள், வீடு வரும்வரை.

புதிய பாட்டிலை மாலை திறந்தோம். நான் எதுவும் சொல்லவில்லை. அவள் மோந்தாள். "தெரியல" என்றாள். மறுபடி மோந்தாள். "தெரியல." கிளாஸைக் கீழே வைத்தாள். "அடுத்த சனிக்கிழமை பாக்கலாம்."

எனக்கு அது போதுமாக இருந்தது. இந்தத் தடவை அவள் நிஜத்தைச் சொன்னாள்.

அந்தப் பாட்டிலில் எனக்கு என்ன வாசனை தெரிந்தது என்பதை இங்கே எழுதி வைக்கவில்லை. அவளே சொல்லட்டும்.

டிசம்பர் 19, வியாழன்

காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மேசையில் உட்கார்ந்து பழைய பக்கங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். மதலேன் படுக்கையறையில், கதவு சாத்தியிருந்தது. நான் செப்டம்பர் ஏழாம் தேதிக்குப் போயிருந்தேன்.

"என்னங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "பால் தீயுது."

எழுந்து அடுப்புக்குப் போனேன். குமிழைத் தொட்ட கை அங்கேயே நின்றது. அணைக்கவில்லை. இன்னும் ஒரு தடவை கேட்க வேண்டும் போல இருந்தது.

கதவு திறந்தது. தலையில் பாதி பின்னிய பின்னலோடு மதலேன் வேகமாக வந்தாள். என்னைத் தள்ளிவிட்டு அடுப்பை அணைத்தாள்.

"பக்கத்துலயே நிக்கிறீங்க. மூக்கில்லையா உங்களுக்கு?"